வாயில் வைத்த காசு

நான்காவது மாடியில் ஆற்றுச் சேற்று வாடை வர வழியே இல்லை. கீழே ரொட்டிச் சூளை. இங்கே வருவதெல்லாம் கருகிய மாவுப் புகையும் பக்கத்து அறையின் பூண்டு நாற்றமும்தான். ஆனால் காலையில் புருஷனைப் புதைத்துவிட்டு வந்த அவிடியாவின் மூக்கில், அந்தி விளக்கு ஏற்றியதிலிருந்து டைபர் ஆற்றின் அழுகிய கோரை வாடையே நின்றது.

மகள் சபீனாவின் நெற்றி அனலாகக் கொதித்தது. அவிடியா மடியில் முடிந்திருந்த காசைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். டிராஜன் சக்கரவர்த்தி காலத்து அசல் வெள்ளி. தன் நாக்கின் கீழே வைக்கும்படி புருஷன் மரூலஸ் சாகும்போது கேட்டது இதைத்தான். செத்தவர்களை அக்கரை சேர்க்கும் ஓடக்காரனின் கூலி. அவளும் சத்தியம் செய்தாள். ஆனால் வைத்தியனுக்கும் பழைய வெள்ளிதான் வேண்டும். செம்பின்மேல் வெள்ளி பூசி இப்போது அரண்மனை அடித்துத் தள்ளும் காசை ரோமில் எவன் தொடுகிறான்? அதில் ஒன்றை மரூலஸின் வாயில் வைத்து உதட்டை மூடிவிட்டாள்.

பக்கத்து அறைக்காரி எல்பிஸ் தைரியம் சொன்னாள். "அடி போடி பைத்தியம்! ஓடக்காரன் என்ன, கடிச்சா பாக்கப் போறான்? புள்ளையப் பொழைக்க வைக்கிற வழியப் பாரு."

வைத்தியன் விடிந்ததும் வருவான். அதுவரை தாங்கினால் போதும்.

மரப்படியில் சத்தம். நனைந்த துணியை இழுத்து இழுத்து வைப்பதுபோல, ஒவ்வொரு படியாக. கீழே குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று அடங்கியது. அவிடியா தாழ்ப்பாளைப் போட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். சத்தம் கதவுவரை வந்தது. நின்றது.

"மன்னிச்சிடுங்க," என்றாள். "புள்ளைக்காகத்தான் அப்படிப் பண்ணேன்."

விளக்குச் சுடர் சுருங்கியது.

டிக்.

பல்லில் உலோகம் படும் சத்தம். வெளியே இல்லை. உள்ளே. கட்டில் பக்கம்.

"அம்மா, அப்பா வந்தாரு." வாயில் எதையோ அடக்கிக்கொண்டு சபீனா பேசினாள். "இது அங்க செல்லலையாம். என்னையும் கூப்பிடுறாரு." டிக். "எனக்காவது நல்லத வைப்பியாம்மா?"

கட்டிலைச் சுற்றிச் சேறு. நெற்றியில் சூடு இல்லை. ஈரம். குளிர்.

அவிடியா மகளின் வாயில் விரலை விட்டுக் காசை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளிப் பூச்சு உரிந்து செம்பு தெரிந்தது. யாரோ கடித்துப் பார்த்திருந்தார்கள்.

ஒரே ஒரு பல்லின் தடம். காசின் அகலம் முழுவதும்.