வேலி தாண்டிய ஈரம்

தோப்பு ஈரத்தை உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றுமதகு இயந்திரத்தைத் திறந்துவிட்டுத் திம்மராயன் வேலியோரம் போய் நின்றார். தன் தோப்பின் ஈரக்காற்று மொத்தமும் பக்கத்துக் கெம்பண்ணன் தோப்புக்குள் சாய்ந்தது. கூடவே பழ ஈக்களும்! கோடை மழையில் மண் நனைந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுவெல்லாம் ஈயாக எழுந்து மாங்காயில் முட்டையிடும். காய்ந்த மண்ணில் அந்தப் பாச்சா பலிக்காது. அதனால் மதகு வந்தபின் பர்கூர்ப் பக்கம் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. ஈரத்தைப் பக்கத்துத் தோப்புக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மதகு வாங்காத ஒரே மனிதர் கெம்பண்ணன்.

“அந்தப் பக்கம் தள்ளாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன்” என்றாள் மனைவி சென்னம்மாள். “நம்ம பொண்ணு வாழப்போற வீடுங்க அது!”

“தட்டு மாத்த இன்னும் எட்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் அவங்க அசலாருதான்.”

எட்டாம் நாள் ஞாயிறு. கெம்பண்ணன் வீட்டார் பதினொரு தட்டோடு திம்மராயன் தோப்புப் பந்தலில் வந்து இறங்கினார்கள். முதல் தட்டில் கெம்பண்ணன் தோப்புச் செந்தூரா மாம்பழம்.

திம்மராயனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நம்ம தோப்புல மருந்துக்குக்கூட ஈ கிடையாது சம்பந்தி. எந்த ஈ எங்க பொறந்துச்சு, எங்க போச்சுன்னு மதகு சாதகமே சொல்லும்” என்று அதன் பேசுபெட்டியின் ஒலியைக் கூட்டி வைத்தார்.

வாய் இனிக்கட்டும் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு பழத்தை நறுக்கினார். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. “சகுனமே சரியில்ல, எந்திரிங்க” என்றார் மாமன். சென்னம்மாள் ஓடிவந்து அந்தத் தட்டை முந்தானையால் மூடினாள்.

“வணக்கம்” என்றது மதகு, ஊருக்கே கேட்கும்படி. “பழ ஈப் புழு, ஏழு. தாய் ஈ பிறந்த இடம், திம்மராயன் தோப்பு. எட்டு நாள் முன்பு, சனிக்கிழமை, உரிமையாளர் உத்தரவுப்படி கெம்பண்ணன் தோப்புக்கு அனுப்பப்பட்டது. பிள்ளைகள் தாய்வீடு திரும்பியிருக்கிறார்கள்.”

மண்ணுக்குள் கூட்டுப்புழுவோடு போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது திம்மராயனுக்கு.

கெம்பண்ணன் அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பொண்ணுக்கு முன்னாடியே சீர் அனுப்பிட்டீங்களே சம்பந்தி! மச்சான், உக்காருங்க. தட்டை மாத்துவோம். ஆனா ஒண்ணு, இனிமே ஈரம் எந்தப் பக்கம் போகணும்னு என் மருமகதான் சொல்லணும்.”

தட்டு மாறியது. மணப்பெண் நிறைமதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மதகிடம் போனாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

குளுகுளுவென்று ஈரக்காற்று திரும்பி வந்தது. முதல் ஈ திம்மராயனின் மூக்கில் உட்கார்ந்தது.

“வணக்கம்” என்று தொடங்கியது மதகு.