பின்னறைப் பயிற்சி

சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பும்போதுதான் அவர் அதைக் கவனித்தார். தான் நடந்தால் பின்னறையில் ஏதோ உரசுகிறது. நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது. எலி என்றால் காலடிச் சத்தத்துக்கு அடங்கும், ஆள் நின்றபின் மறுபடி கிளம்பும். இது தலைகீழாக இருந்தது. காய்ந்த அட்டையை நகத்தால் மெல்ல இழுப்பது போன்ற அந்தச் சத்தம் அவருடைய அடியோடு அடியாக வந்து, அவர் மூச்சைப் பிடித்து நின்றபோது தானும் மூச்சைப் பிடித்து நின்றது.

பட்டப்பகல். தரையில் வெயில் கட்டம் கட்டிக் கிடந்தது. மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் கிடையாது.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு காலை, வண்டி நிறையப் பிள்ளைகள் இருக்க, தண்டவாளத்தின் மேலேயே இன்ஜின் நின்றுபோனது. தூரத்தில் ரயில் தெரிந்தது. எப்படியோ கிளப்பிக் கடந்துவிட்டார். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. அன்று மாலையே பிள்ளைகள் அதை மறந்துபோனார்கள். அவருடைய கைகள் மறக்கவில்லை. ஸ்டீயரிங்கைத் தொட்டாலே நடுக்கம், வியர்வை, நெஞ்சைக் கயிறு கட்டி இறுக்குவது போல ஒரு பிடி. விடுப்பு எடுத்து வீட்டோடு இருந்தால் போய்விடும் என்று பார்த்தார். பயம் கூடவே வீட்டுக்கு வந்து, பின்னறையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டது.

அவர் சொன்னதும் மனைவி போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். சுவரில் சாய்த்த பழைய மெத்தை, ஓடாத மின்விசிறி, இரண்டு பெட்டிகள். "ஒண்ணுமில்லங்க" என்றாள். பிறகு குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கையை வெகுநேரம் கழுவினாள். எதற்கென்று கேட்க அவருக்குத் தெம்பில்லை. நாளெல்லாம் ஊரார் கறைகளை அலசிவிட்டு வருகிறவள். சொல்ல அவளுக்கும் தெம்பில்லை போலிருந்தது.

மனநல மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். தினமும் காலையில் ஒரு மாத்திரை, அது மெதுவாகத்தான் பிடிக்கும் என்றார். தாங்கவே முடியாத நேரத்துக்கு இன்னொன்று, அதிலும் பாதிதான். மாத்திரை புகையைக் குறைக்கும், அடுப்பை அணைக்கிற வேலை உங்களுடையது என்று சொல்லி, மனநல ஆலோசகரிடம் அனுப்பிவைத்தார்.

ஆலோசகர் அம்மா மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறவர். குரல் தணிவாக இருக்கும். ஓட ஓடப் பயம் கொழுக்கும், நின்று பார்த்தால் ஏறியது தானாக இறங்கும் என்று விளக்கினார். பேருந்து அப்புறம், முதலில் வீட்டில் இருக்கிற சின்னப் பயத்தை எடுத்துக்கொள்ளலாம், படிப்படியாக அந்த அறைக்குப் பக்கத்தில் போய்ப் பழகலாம் என்றார். இனிமேல் மனைவி அவருக்காக அறையைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்பதும் பயிற்சியில் சேர்த்தி.

"அவங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டே இருந்தா, நீங்களா அதத் தெரிஞ்சுக்கவே மாட்டீங்க" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் தோள்கள் அதைக் கேட்டதும் தளர்ந்து இறங்கின. ஒரு வேலை குறைந்த நிம்மதி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பயிற்சி தொடங்கியது. முதலில் பின்னறைக்குப் போகும் நடையின் இந்தக் கோடியில் நின்றார். அது பழகியதும் நடுவில். மாத்திரை வாயை உலர்த்தியது. உலகம் முழுவதையும் பஞ்சில் சுற்றி வைத்தது போல எல்லாம் ஒரு சாண் தள்ளியே கேட்டது. கதவை நெருங்கியபோது நாள்பட்ட ஈரத்துணியின் வாடையும், அதற்கு அடியில் இனிப்பாக, அழுகப்போகும் பழத்தைப் போல இன்னொரு வாடையும் வந்தது. அவர் ஓர் அடி முன்னால் போன அன்றெல்லாம் உள்ளே இருந்த உரசலும் ஓர் அடி முன்னால் வந்தது. கதவில் உள்ளங்கையை வைத்து நிற்க வேண்டிய நாளில், கை பட்ட இடத்தில் மட்டும் மரம் சூடாக இருந்தது. மறுபக்கத்திலிருந்து யாரோ அதே இடத்தில் கை வைத்திருப்பது போல.

ஆலோசகரிடம் சொன்னார். மிரண்ட உடம்புக்கு எல்லாமே கூடுதலாகத் தெரியும், கடைசியில் பயம் இறங்கியதா என்று அந்த அம்மா கேட்டார். இறங்கியது. உண்மை அதுதான். அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மனைவியும் வீடு வரும் வழியில் சிரித்தாள். "பெரிய வீரரு. சீக்கிரமே பஸ்ஸ எடுத்துடுவீங்க போலிருக்கு." எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். அதற்கு மேல் எதையும் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பயப்படுவதைவிட, அந்தப் பயத்தை ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்வதுதான் அவரை ஓய்ந்துபோகச் செய்தது.

கடைசிப் படி, கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருப்பது. பயம் தானாக இறங்கும்வரை.

மேகம் மூடிய பிற்பகலில் பாதி மாத்திரையை விழுங்கிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். கதவு தடையில்லாமல் திறந்தது. மெத்தை ஜன்னலை மறைத்திருந்தது. இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. உட்கார்ந்தார். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டார்.

மெத்தைக்குப் பின்னால் உரசல்.

அவர் நடக்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தார். ஆனாலும் அது வந்தது.

தரையோடு தரையாக. நிதானமாக. கால்கள் தாமாக எழப் பார்த்தன. ஓடக் கூடாது. ஓடினால் கொழுக்கும். கண்ணை மூடினார். வாடை முகத்தருகே வந்தது. முழங்காலில் ஏதோ கனமாகச் சாய்ந்தது. ஈரம். வெதுவெதுப்பு.

பயம் ஏறியது. ஏறி, தொண்டையில் நின்றது. இனி ஏற இடமில்லை.

பிறகு இறங்கியது.

அந்த அம்மா சொன்னபடியே இறங்கியது. தொட்டியின் அடைப்பை எடுத்துவிட்டது போல, தண்டவாளம், ரயில், பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் வடிந்துபோயின. கைகளில் நடுக்கம் இல்லை. அழுகை வரும்போல் ஆறுதலாக இருந்தது. இப்படியே தூங்கிவிடலாம் என்று தோன்றியது.

வாசல் கதவு திறந்தது. மனைவியின் செருப்புச் சத்தம். நடையில் வந்தவள் பின்னறை வாசலில் நின்றாள். தோளிலிருந்த பை நழுவி விழுந்தது.

அவள் முகம் போன போக்கை அவருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் அவர் கண்ணாடியில் பார்த்த முகம் அது. பாவம் என்று நினைத்தார். இவளையும் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

"என்னங்க." அவளுக்குக் குரல் எழவில்லை, காற்றுதான் வந்தது. "மெதுவா... எந்திரிச்சு வெளிய வாங்க."

"ஓடாத. கொஞ்ச நேரம் நின்னு பாரு" என்றார் அவர். "தானா அடங்கிடும்."

வலது கையை நீட்ட நினைத்தார். வரவில்லை. குனிந்து பார்த்தார். மடியில் கிடந்த தலை அண்ணாந்திருந்தது. அவருடைய கை மணிக்கட்டுக்கு மேல்வரை அதன் வாய்க்குள் இருந்தது. கன்று பால் குடிப்பதுபோல, அவசரமே இல்லாமல், அது விழுங்கிக்கொண்டிருந்தது. வலிக்கவில்லை.

அவர் இடது கையை நீட்டி மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.