பக்கத்துச் சந்தில் கோடைக்காலம்

மேற்கு வாசலின் வளைவுக்குக் கீழே நின்று மதில் கட்டிய கதையை எல்விரா பாதி சொல்லியிருந்தபோது, பக்கத்துச் சந்தில் ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது. குதிகாலில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற, அவசரமில்லாத சத்தம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் தீவு முழுக்க விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை கேட்கிற சத்தம்தான் அது. ஆனால் இது நவம்பர். அவள் முன்னால் நின்ற சுற்றுலாக்காரர்கள் கம்பளி சுற்றிக்கொண்டு, மூக்கு சிவந்து, உப்புக்காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். குளிர்காலத்தில் மதிலுக்குள் மிச்சமிருக்கும் சில வீட்டுக்காரர்களும் தடித்த காலணி இல்லாமல் வெளியே வரமாட்டார்கள்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு? ராஜா கைதிகளை மீட்டுட்டு வந்து இங்க குடிவெச்சாரு, மதிலும் கட்டினாரு. அப்புறம்?" என்றார் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர்.

"அப்புறமென்ன, கடற்கொள்ளைக்காரங்க உள்ள வந்துடாம இருக்கத்தான் மதிலுன்னு அரசாங்கம் சொல்லுது. நாங்க வெளிய ஓடிடாம இருக்கத்தான்னு எங்க மாமியார் சொல்லுவாங்க."

சிரித்தார்கள். எப்போதும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கியதும், பக்கத்துச் சந்திலும் ஒரு கூட்டம் சிரித்தது. இவர்களைவிடப் பெரிய கூட்டம்.

எல்விரா பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டினாள். காற்று சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தது. அதில் மீன்வலையின் நெடியும் பாசியின் நெடியும் இருந்தன, அவற்றுக்கு மேலே, மெல்லியதாக, தேங்காய் எண்ணெய் கலந்த வெயில் களிம்பின் வாசனை.

"வேற கைடு யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று அவள் கேட்டாள்.

"நீங்கதான் இருக்கீங்க. எங்களுக்கு நீங்களே போதும்," என்றார் பெரியவர். யாருக்கும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

சந்தின் முனைவரை போய் எட்டிப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவர்கள், மூடிய நீலக் கதவுகள், ஈரக்கல். ஒரு பூனைகூட இல்லை.

படகுத்துறையில் படகோட்டி கீக்கோ எஞ்சினை அணைக்காமலே காத்திருந்தான். அலை மேடையைத் தாண்டி அடித்தது. பயணிகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றிவிட்டு, "எல்விரா, காத்து திரும்புது," என்றான். "நாளைக்குப் படகு வந்தா வந்த மாதிரி. பேசாம நீயும் ஏறு. உன் வீட்டுக்காரரையும் இழுத்துட்டு வா. அக்கரையில, அலிகாந்தேல, என் தங்கச்சி வீட்டுல சூப்பாவது கிடைக்கும்."

"உன் தங்கச்சி சூப்பைக் குடிக்கிறதுக்குப் பதிலா நான் நீந்தியே திரும்பி வந்துடுவேன்."

"வாயி மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்," என்று கத்திவிட்டு அவன் கயிற்றை அவிழ்த்தான். வழக்கமான நேரத்துக்கு வெகு முன்னாலேயே கடைசிப் படகு கிளம்பிவிட்டது. அது அலைகளுக்கிடையில் மறைந்து, தெரிந்து, மறைந்துபோகும்வரை எல்விரா நின்று பார்த்தாள்.

மதிலுக்குள் திரும்பியபோது சாயங்கால வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது. வலது பக்கச் சந்தில், சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் எவருக்கும் உடனே அடையாளம் தெரியாது. இந்தக் குரல் கொஞ்சம் கட்டையாக, கொஞ்சம் பழகிப்போனதாக இருந்தது. எங்க மாமியார் சொல்லுவாங்க, என்று அது சொன்னது. கூட்டம் சிரித்தது. எல்விரா சுவரில் காதை வைத்தாள்.

செருப்புகள் நகர்ந்தன. குரலும் நகர்ந்து, ராமோனாவின் கடை இருக்கும் இடத்துக்கு நேராக நின்றது.

"இது ராமோனாவோட சாப்பாட்டுக்கடை. மீன் சாறுல அரிசி வேகவெச்சு ஒரு சோறு பண்ணுவாங்க, அதுக்காகவே ஜனங்க படகேறி வருவாங்க. அந்த நவம்பர்ல, கடைசிப் படகு சீக்கிரமே போன அன்னிக்கு, ராமோனா அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்தாங்க. எழுந்திரிக்கல. அன்னிக்குச் சாயங்காலம் இந்த ஊர்ல உட்கார்ந்த யாருமே எழுந்திரிக்கல. ஏன்னு இன்னிவரைக்கும் தெரியாது. கொஞ்சம் நெருங்கி வாங்க, ஜன்னல் வழியாப் பார்க்கலாம்."

எல்விரா ஓடினாள். முனை திரும்பியதும் சந்து வெறிச்சோடிக் கிடந்தது. களிம்பு வாசனை மட்டும் சுவரோடு சுவராகத் தங்கியிருந்தது. கடைக்கதவைத் தள்ளித் திறந்தாள்.

ராமோனா அடுப்பின் முன்னால் நின்று மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து எல்விராவுக்கு அவள்தான் தோழி.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற? கதவைச் சாத்து, அடுப்பு அணையுது."

"இப்ப வெளிய யாராச்சும் பேசினாங்களா?"

"உன்னைத் தவிர இந்த ஊர்ல யாரு இப்படித் தொண்டை கிழியப் பேசுவா?" ராமோனா கரண்டியால் மீனைத் திருப்பிப் போட்டாள். "காலையிலேர்ந்து நின்னு நின்னு காலு மரத்துப்போச்சு." ஒரு கையால் பின்னாலிருந்த நாற்காலியை இழுத்தாள்.

"உட்காராதே."

"ஏண்டி, அதுல ஆணி வெச்சிருக்கியா?"

"ராமோனா, சொல்றேன் கேளு. கொஞ்ச நேரம் நில்லு. எனக்காக நில்லு."

"உனக்காக நின்னுதான் என் கல்யாணத்துக்கே நேரமாச்சு. போடி," என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். "பாஸ்குவாலுக்கு ரெண்டு மீன் எடுத்துட்டுப்..."

அவ்வளவுதான். வாய் திறந்தபடியே இருந்தது. கரண்டி கையிலேயே இருந்தது. கண்கள் வாணலியைப் பார்த்துக்கொண்டிருந்தன. எண்ணெய் புகையத் தொடங்கியது. எல்விரா அடுப்பை அணைத்தாள், தோழியின் தோளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் அறைந்தாள். கன்னம் சூடாக இருந்தது. தோள் மட்டும் மரத்தில் செய்ததுபோல அசையவில்லை.

ஜன்னல் கண்ணாடியில் மூச்சுப் படிந்தது. வெளியே யாருமில்லை. ஆனால் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஆவி வட்டம் வட்டமாக விரிந்து விரிந்து சுருங்கியது. உயரமாக ஒன்று. அதற்குக் கீழே ஒன்று. குழந்தை உயரத்தில் ஒன்று.

தன் வீட்டுக்கு எப்படி வந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. அவள் கணவன் பாஸ்குவால் ஜன்னல் பலகையின் கீலை இறுக்கிக்கொண்டு முக்காலிமேல் நின்றிருந்தான். வருஷக்கணக்காக வலை இழுத்து இடுப்பு போனவன். மற்ற நாளென்றால் இந்த நேரத்துக்குச் சோபாவில் கால் நீட்டியிருப்பான். காற்றடிக்கப் போகிறது என்பதால் நின்றுகொண்டிருந்தான். எல்விரா அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எல்வி? என்னாச்சு? முதல்ல நீ உட்காரு."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க! இறங்குங்க. வெளிய போலாம். ஷூவை நின்னுக்கிட்டே போடுங்க."

"நின்னுக்கிட்டு ஷூ போடுற இடுப்பா இது?"

"அப்ப வெறுங்காலோட வாங்க."

ராமோனா செத்துவிட்டாள் என்றதும் அவன் வேடிக்கையை விட்டான். ஈரக்கல்லில் வெறுங்காலோடு கூடவே வந்தான். கடை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தான். பிறகு கேள்வி கேட்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். வலை பின்னுகிற பத்திஸ்தா தன் வாசற்கல்லில் உட்கார்ந்திருந்தார்; ஊசி முடிச்சில் பாதி நுழைந்திருந்தது. ரொட்டிக்கடைக்காரனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக இருந்தார்கள். கோப்பையிலிருந்து ஆவி இன்னும் எழுந்துகொண்டிருந்தது. "உட்காராதீங்க! யாரும் உட்காராதீங்க!" என்று எல்விரா கத்தினாள். காற்று அந்தச் சொற்களை மதிலுக்கு மேலே தூக்கி எறிந்தது. ஒரு மாடி ஜன்னல் திறந்து தையற்காரி லுசீயா தலையை நீட்டினாள்.

"என்னது? ஒண்ணுமே கேக்கல. இரு, கீழ வரேன்!"

படிகளில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. "ஐயோ, மூச்சு வாங்குதே," என்ற குரல் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

எப்போதும் ஒரு சந்து தள்ளி அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது. இவர்கள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. "இது பத்திஸ்தாவோட வீடு," என்றது. "வலையைப் பாருங்க, அந்த முடிச்சு அப்படியே இருக்கு." எங்கோ ஒரு குழந்தை ஐஸ் கேட்டு அழுதது.

"உங்களுக்குக் கேக்குதா?" என்றாள்.

பாஸ்குவால் அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பினான். "உன் குரல் மாதிரி இருக்கு," என்றான். "நீ பக்கத்துல இல்லேன்னா அது பின்னாடியே போயிருப்பேன்."

படகுத்துறைக்குப் போனார்கள். மேடையைக் கடல் விழுங்கியிருந்தது. திரும்பினார்கள். இருட்டிவிட்டது. மதிலின் உட்பக்கமாகவே நடந்தார்கள், நிற்காமல், ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு. நடக்க நடக்க அவன் பாரம் அவள் தோளில் கூடிக்கொண்டே போனது. கிழக்கு மதிலோரம் வந்தபோது அவனால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. அவனைச் சுவரில் சாய்த்து, தன் உடம்பை முட்டுக் கொடுத்து, இரண்டு கைகளாலும் அக்குளைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடியறவரைக்கும்தான். கீக்கோ வந்துடுவான். ஏதாவது பேசுங்க. தூங்கிடாதீங்க."

"கீக்கோ தங்கச்சி சூப்பு..." என்று அவன் சிரிக்கப் பார்த்தான். அவன் மூச்சு அவள் காதில் சூடாகப் பட்டது. "எல்வி, நான் உட்காரல. முட்டிதான் மடங்குது."

"இல்ல. நிமிருங்க."

"நான் உட்காரல, எல்வி."

அவன் சறுக்கினான். அவள் மார்பில், வயிற்றில், தொடையில் உரசிக்கொண்டு, மெதுவாக. சட்டையைப் பிடித்தாள். கிழிந்தது. கையைப் பிடித்தாள். வழுக்கியது. அவன் தரையில் உட்கார்ந்தான். தலை அவள் முழங்காலில் சாய்ந்தது.

கூப்பிட்டாள்.

மறுபடி கூப்பிட்டாள்.

குனியவில்லை. குனிந்தால் உட்கார்ந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது. முழங்காலை விறைத்துக்கொண்டாள். முதுகைச் சுவரில் படவிடவில்லை. நிற்க வேண்டும். அவ்வளவுதான். நின்றால் போதும். கால் நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. பிறகு குளிர் நின்றது.

காற்று நின்றது.

செருப்புச் சத்தம்.

இந்த முறை பக்கத்துச் சந்தில் இல்லை. இந்தச் சந்திலேயே. முனையில், நடு இரவில், வெயில் விழுந்தது. வெள்ளைச் சுவரில் கண்ணைப் பறிக்கிற ஜூலை மத்தியான வெயில். அதில் அவர்கள் வந்தார்கள். வைக்கோல் தொப்பிகள். தோள் சிவந்த பெண்கள். கழுத்தில் கேமரா. தண்ணீர் பாட்டில். சாதாரண முகங்கள். அதுதான் தாங்கவில்லை. எல்லாம் சாதாரண முகங்கள்.

கத்த நினைத்தாள். நாக்கு அசையவில்லை.

அவர்கள் அரைவட்டமாக நின்றார்கள். கூட்டத்தின் பின்னால் கைடுபோல ஒரு பெண் கையை உயர்த்தினாள், அவள் முகம் தொப்பி நிழலில் இருந்தது.

"கீழ இருக்கிறவர் இவங்க வீட்டுக்காரர்," என்றது எல்விராவின் குரல். "இவங்களை நல்லாப் பார்த்துக்கோங்க. ஊர்லயே இவங்க ஒருத்தங்கதான் உட்காரவே இல்ல."

பெருமூச்சுகள். கேமராக்கள் சொடுக்கின. ஒரு மூதாட்டி முன்னால் வந்தாள். களிம்பு மினுங்கும் முகத்தை எல்விராவின் முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி, திறந்திருந்த கண்ணின் கருமணியைத் தொட்டாள்.

எரிந்தது. இமை மூடவில்லை.

"தொடாதீங்கம்மா," என்றது குரல், அன்பாக. "இன்னும் நிறைய பேர் பார்க்க வருவாங்க."