சைலன்சருக்குக் கீழே விரித்த துணி

காரை முந்தாநாளிலிருந்து யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. அப்படியிருந்தும் அதன் சைலன்சர் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மஃரிப் தொழுதுவிட்டு முற்றத்துக்கு வந்த கமீலாவின் காதில் முதலில் விழுந்தது அந்தச் சத்தம்தான். கண்டக்குழியில் பொழுது சாய்ந்தால் கடற்காற்று கிடுகு வேலியைப் பிய்த்தெடுக்கப் பார்க்கும், கரையில் வள்ளங்களின் எஞ்சின்கள் இருமிக்கொண்டு கிடக்கும், காய்ந்த கருவாட்டின் வாடை வீட்டுக்குள் வரை வந்து குந்திக்கொள்ளும். அன்றைக்கோ காற்று நின்றுபோய், வாடையும் அடங்கி, மணலில் விழும் ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகக் கேட்டது. உள்ளே அறையில் மகள் ஷிஹாரா நிறைமாதமாகப் படுத்திருந்தாள். விடிந்ததும் அவளைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மருமகன் கடலுக்குப் போயிருந்தான். காரை ஓட்ட வேண்டியவள் கமீலாதான். பழுதாக வேண்டுமென்றால் இந்தக் காருக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று எரிச்சல் வந்தது.

கட்டாரில் ஒரு கராஜில் வேலை செய்யும் கணவன் றஸீனுக்கு அழைத்தாள். அவன் சிரித்தான். எஞ்சின் ஓடி ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி தண்ணீராகி வடியும், எல்லாக் காரிலும் நடப்பதுதான் என்றான். எஞ்சின் ஓடவேயில்லையே என்றாள் கமீலா. அவன் குழாய்க்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பார்க்கச் சொன்னான். கறுப்பாக ஊறினால் ஒயில். பச்சையாக, இனிப்பு வாடையோடு ஊறினால் ரேடியேட்டர் தண்ணீர். அப்படியென்றால் வண்டியை எடுக்கவே கூடாது.

“நிறம் ஒன்டும் இல்லாட்டி வெறும் தண்ணிதான். யோசிக்காம பிள்ளைய ஏத்திட்டுப் போங்க” என்றான்.

வீட்டில் வெள்ளைத் துணி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஊரில் ஒரு பெண் மௌத்தானால், அடக்கம் செய்யுமுன் ஜனாஸாவைக் குளிப்பாட்டக் கமீலாவைத்தான் கூப்பிடுவார்கள். அவசரத்துக்கு உதவட்டும் என்று அலுமாரியின் அடித்தட்டில், இறந்த உடலைச் சுற்றும் கபன் துணி எப்போதும் வைத்திருப்பாள். கை அதில் பட்டதும் மனம் பின்வாங்கியது. தைக்காத துணி, அவ்வளவுதானே என்று தன்னையே அதட்டிக்கொண்டு, கொண்டுபோய் விரித்தாள்.

நிறம் ஒன்றும் இல்லை. நிம்மதியோடு குனிந்து முகர்ந்தாள். இலந்தை இலை வாடை அடித்தது.

ஜனாஸாவுக்கு ஊற்றும் முதல் தண்ணீரில் அவள் தன் கையால் கசக்கிப் போடும் இலை அது. வேலியோரம் இலந்தை மரம் நிற்கிறது, ஓர் இலை பறந்து குழாய்க்குள் போயிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். ஓர் ஈர்க்கை உள்ளே விட்டுத் துழாவினாள். ஈர்க்கில் காய்ந்த கரிதான் ஒட்டி வந்தது. குழாயின் உட்புறத்தில் பொட்டு ஈரமில்லை. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“உம்மா, குளிருது” என்று உள்ளேயிருந்து ஷிஹாரா கூப்பிட்டாள். “வலப் பக்கம் முழுக்க நனைஞ்ச மாதிரி ஈக்கு. நோவும் தொடங்கிட்டு போல.”

கமீலா ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். உடுப்பு காய்ந்துதான் இருந்தது. உடம்பு மட்டும் சில்லிட்டிருந்தது. மின்விசிறியை நிறுத்திப் போர்த்திவிட்டாள். இனி விடியும்வரை பொறுக்க முடியாது. காரை எடுக்கலாமா, கூடாதா? அதை மட்டும் பார்த்துவிட்டால் போதும்.

வெளியே வந்து போன் வெளிச்சத்தைத் துணியில் அடித்தாள். சொட்டு நடுவில்தான் விழுந்தது. ஆனால் துணியின் வலப்பாதி மட்டும் நனைந்திருந்தது. இடப்பாதி உலர்ந்து கிடந்தது. ஜனாஸாவை வலப்பக்கம் தொடங்கித்தான் குளிப்பாட்டுவார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஈரம் இடப்பக்கம் நகர்ந்தது.

“உம்மா, இப்ப இடப் பக்கமும்.”

கமீலா துணியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. யாரோ அதன்மேல் படுத்திருக்கும் பாரம். இன்னும் பலமாக இழுத்தாள். அசையவில்லை. அப்போது வாடை மாறியது.

கற்பூரம். ஜனாஸாவுக்கு ஊற்றும் கடைசித் தண்ணீரில்தான் அதைக் கலப்பார்கள்.

இந்தக் கார் வேண்டாம். பக்கத்து ஒழுங்கை றிஸ்கானுக்கு அழைத்து ஓட்டோவைக் கொண்டுவரச் சொன்னாள். அவன் வாறேன் என்றான். கமீலா பக்கக் கதவால் உள்ளே ஓடினாள்.

கட்டில் வெறுமையாக இருந்தது. முன்கதவு திறந்து கிடந்தது. வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். திரும்பி ஓடிப்போய் அந்தக் கதவைத் திறந்தாள்.

பின் சீற்றில் ஷிஹாரா நிமிர்ந்து படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. தலைமுடி நனைந்து சொட்டியது.

“மெதுவா ஊத்துங்க உம்மா” என்றாள். “கண்ணுக்குள்ள போகுது.”

கமீலாவின் இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன.

“மகள், எழும்பி வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அதே பாரம்.

சொட்டும் சத்தம் நின்றது.

பிறகு வண்டிக்கு அடியிலிருந்து துணி கிழிபடும் சத்தம் வந்தது. நீளமாக. நின்றது. மறுபடியும் கிழிந்தது. கடைசியாக ஒன்று, சின்னதாக.

ஓட்டோவின் வெளிச்சம் ஒழுங்கை முனையில் திரும்பி மணலில் விழுந்தது. மகளின் கையை விடாமல் கமீலா குனிந்தாள். துணி நன்றாகக் காய்ந்திருந்தது. நீளத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு பெண்ணைக் கிடத்தத் தயாராக விரிந்து கிடந்தன.

பக்கத்தில் இன்னொரு துண்டு. ஒரு முழம் இருக்கும். ஒரு பச்சைப் பிள்ளையின் ஜனாஸாவைக் கட்டுவதுபோல் அதைச் சுற்றி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டாகிவிட்டது. நடுவில் ஏதோ மெல்ல அசைந்துகொண்டிருந்தது.