ஆதாரம் கேட்டவன்

"கண்ணு எதுக்குங்க உங்களுக்கு... அழகுக்கா?"

அட்லாண்டாவின் ஆகஸ்ட் மழைக்குத் தப்பி பஸ் நிழற்குடைக்குள் பாய்ந்த ரூஃபஸ், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி மேல்தான் மோதியிருந்தான். அவள் கையிலிருந்த தாள்கள் ஈரத்தரையெங்கும் சிதறிக் கிடந்தன.

"சாரி சிஸ்டர்..." என்று குனிந்தவன் நிமிர்ந்தபோது அந்தக் கண்களைப் பார்த்தான். இமையில் தொங்கும் மழைத்துளி... கோபத்திலும் சிரிக்கத் தெரிந்த விழிகள். பேரமே பேசாமல் விழுந்தான் ரூஃபஸ்.

பிறகுதான் பொறுக்கியெடுத்த தாளைப் படித்தான். 'கருப்பினப் பெண்களின் நாவல்களில் பாலியல் வன்முறை: எழுதாமல் விட்ட பக்கங்கள்.'

தெரிந்த தலைப்பு. இரண்டு மாதம் முன்பு ஓர் ஆய்விதழ், எழுதியவர் பெயரை மறைத்து இதே கட்டுரையை, வெளியிடலாமா என்று கேட்டு, இலக்கியப் பேராசிரியனான அவன் கருத்துக்கு அனுப்பியிருந்தது. அவனும் தன் பெயர் வெளியே தெரியாதபடி, 'வேண்டாம்' என்று எழுதியிருந்தான்.

"எதிர்க்கடையில சக்கரவள்ளிக் கிழங்கு வச்சு 'பை'ன்னு ஒரு இனிப்பு சுடுறாங்க, நல்லா இருக்கும். நனைச்ச பாவத்துக்கு நீங்கதான் வாங்கித் தரணும், பிரதர்!"

பெயர் ஓப்பல். பக்கத்துக் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறாளாம்.

கடைக்குள் முள்கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசினாள். "ஒரு மகராசன் இதைக் குப்பையில போடச் சொல்லிட்டான். நாவல்ல ஒரு பொண்ணு பருத்திக் கிடங்குக்குள்ள போறா. அடுத்த பக்கம் வெறும் வெள்ளை. அதுக்கடுத்த பக்கத்துல கிணத்தடியில பாவாடை துவைக்கிறா. ஊர் சர்ச்சுல எல்லாரும் 'யார் பாத்தா?'ன்னு கேக்குறாங்க. இந்தப் புண்ணியவானும் அதையேதான் கேட்டிருக்கான்... 'நடந்ததுக்கு ஆதாரம் எங்கே?' வெளியாளுன்னா விட்டுத் தொலைச்சிருப்பேன். நம்ம கருப்பினத்து ஆளுதான்னு எழுத்தே சொல்லுது."

அந்த வரியை எழுதிய காலை அவனுக்கு நினைவிருந்தது. காபி, கால்மேல் கால், நாலே நிமிஷம்... கெட்டிக்காரன் என்று தன்னையே மெச்சிக்கொண்டது வேறு. அந்த சர்ச்சின் முதல் பெஞ்சில் தானும் உட்கார்ந்திருந்தது இப்போதுதான் தெரிந்தது. காதுமடல் எரிந்தது. வாய்க்குள் இனிப்பு மண்ணாகியது.

"என்ன, பை தொண்டையில சிக்கிடுச்சா? ஐயோ பாவம், மூஞ்சியப் பாரு!" சிரித்தாள்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெயரை மறைப்பதுதான் தொழிலின் சட்டம்... சொன்னால், இந்தச் சிரிப்பு போய்விடும்.

"அந்த மகராசன்... நான்தான், ஓப்பல்."

சிரிப்பு அணைந்தது. ஈரத்தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"பேசாம இருந்திருக்கலாமே! நாளைக்கும் வாங்கன்னு சொல்றதா இருந்தேன்."

"நாளைக்கும் வரணும்னு ஆசையா இருந்துச்சு... அதனாலதான் வாயைத் திறந்தேன்." அவன் தலை நிமிரவில்லை. "இதழுக்கு என் பேரைப் போட்டே எழுதுறேன், தப்பாப் படிச்சேன்னு. அது நாவல்ல வர்ற அந்தப் பொண்ணுக்காக. நாளைக்கு வர்றேன்னு சொல்றது மட்டும்... உங்களுக்காக. பாத்து ஒரு மணிநேரம் ஆகல, உங்கமேல உசிரையே வச்சுட்டேன். காட்டுறதுக்கு ஆதாரம்னு ஒண்ணும் இல்ல."

கண்ணாடியில் மழை வழிந்தது. அவள் கதவுவரை போனாள். நின்றாள்...

"மன்னிக்கல," என்றாள்.

திரும்பி வந்து நாற்காலியை இழுத்தாள்.

"ஆனா, நான் ஆதாரம் கேக்குற ஆளு இல்ல."