உடைந்த ஏரி, உடைத்த ஏரி

ஆனி மாதத்து முழுமதி வெள்ளாற்றின் மேல் மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்த அந்த அந்திப்பொழுதில், கரையோரத்துக் கோரைப் புற்களும், கூடு திரும்பும் நாரைகளும், வெண்குன்ற நாட்டரசர் எதிரிலிமாராயரின் பட்டுக் கூடாரமும் ஒன்றையொன்று மிஞ்சிப் பொலிந்தன. அன்பார்ந்த வாசகர்களே, அரசருக்கு 'எதிரிலி' என்ற பட்டம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எதிரிகளை மிச்சம் வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அவசரத்தில் சொந்தக் குடிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவதுண்டு.

கூடாரத்தின் முன்னே ஆளுயரக் கல்வெட்டு ஒன்று நின்றது. அதன் பெரும்பகுதி அரசரின் புகழ்: தோள் மலை, கண் தாமரை, யானைகள் மேகக் கூட்டம். (இருந்த யானைகள் இரண்டு, ஒன்றுக்குக் கண் தெரியாது.) கடைசி வரி மட்டும் இன்னும் வெட்டப்படாமல் செங்காவியில் எழுதப்பட்டிருந்தது. அரசாணைகளை எழுதுவிக்கும் ஓலைநாயகம் மங்கலராயர் அரசர் முன்னிலையில் அதைக் கணீரென்று வாசித்தார்:

"நெடுவாயிலில் உடைந்த ஏரியால் மாண்டார்க்கு ஆற்றங்கரை நன்செய் உதிரப்பட்டியாகக் கொடுத்தோம்!"

போரில் இரத்தம் சிந்தி மாண்டவனின் குடும்பத்துக்கு அரசர் விடும் நிலமே உதிரப்பட்டி. நெடுவாயிலில் எவரும் இரத்தம் சிந்தவில்லை. தண்ணீர் குடித்துச் செத்தார்கள். அதற்கு அரண்மனையில் சொல் இல்லை.

"ஓரெழுத்து பிழை, ஐயா" என்றாள் சாத்தி நங்கை. மாண்ட ஊர்த்தலைவரின் மனைவி அவள். உயிர்தப்பிய முப்பது பேர் அவள் பின்னே நின்றார்கள். அவள் ஒப்பினால்தான் நிலம் கைமாறும்.

"பிழையா? நான் எழுதியதிலா?"

"'உடைந்த' இல்லை; 'உடைத்த'."

கடந்த ஐப்பசியில், ஆற்றங்கரைப் பள்ளத்தில் பாசறை போட்டிருந்த பகைவரை மூழ்கடிக்க அரசரின் படை ஏரிக்கரையை வெட்டியது. பகைவர் முதல்நாளே பாசறையைக் கலைத்துப் போய்விட்டிருந்தனர். ஏரிக்கும் பாசறைக்கும் நடுவில் இருந்த ஊர் மட்டும் எங்கும் போகவில்லை. அந்த வெள்ளத்தில் சாத்தி கணவனையும் இரண்டு குழந்தைகளையும் இழந்தாள்.

"அம்மணி, 'உடைத்த' என்று எழுதினால் யார் உடைத்தார் என்று வாக்கியம் எழுவாய் கேட்குமே! 'உடைந்த' என்றால் ஒருவருக்கும் தொந்தரவில்லை. தமிழின் நயமே அதுதான்!"

பின்னாலிருந்து உழவன் காடன் அவள் காதருகே குனிந்தான். "அக்கா, ஆடிப்பட்டம் வருது. அந்த எழுத்த வச்சுக் கஞ்சியா காய்ச்சப் போற? சரின்னு சொல்லிடு."

"காடா, உன் பொண்ணு தானாவா செத்தா?"

"எப்படிச் செத்தாலும், இருக்கிறவன் தின்னணுமே அக்கா."

அப்போது அரசரின் வலப்புறம் நின்ற படைத்தலைவன் வயிரமேகன் முன்னே வந்தான். எட்டு மாதமாக நெடுவாயிலிலேயே கிடந்தவன் அவன். சேற்றிலிருந்து பிணங்களை எடுத்து அடக்கம் செய்தவன், குடிசைகள் போட்டுத் தந்தவன். மாலைகளில் அவன் குதிரையின் குளம்பொலிக்குத் தன் செவி காத்திருப்பதைச் சாத்தி தன்னிடமே ஒப்புக்கொண்டதில்லை.

"எழுவாயை நான் தருகிறேன், ஓலைநாயகமே. தங்கள் முத்திரையிட்ட ஓலை வந்தது, அரசே. கரையில் முதல் மண்வெட்டியைப் போட்டது நான்."

சாத்தி அவன் கைகளைப் பார்த்தாள். அவள் குழந்தைகளைக் குழியில் இறக்கிய கைகள்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் குழந்தைகளைத் தொட விட்டிருப்பீர்களா, நங்கை?"

அரசரின் திருமுகம் முதலில் கறுத்தது; பிறகு நிலவையே நாணச் செய்யுமளவு மலர்ந்தது.

"மங்கலராயரே, நாம் அப்படி ஓர் ஓலை விடுத்தோமா?"

"ஏடுகளில் இல்லை, பிரபு."

"அப்படியானால் நம் அருமைக் குடிகளைக் கொன்ற பாதகன் இவனே! இவனைக் கழுவில் ஏற்றுங்கள். நங்கை கேட்ட எழுத்தையும் கொடுத்தோம். வெட்டுங்கள்: 'வயிரமேகன் உடைத்த ஏரி'!"

"மாராயர் வாழ்க!" என்று கூட்டம் முழங்கியது. காடனும் முழங்கினான். அவன் கண்ணில் நீர் வழிந்தது, நிலம் உறுதியாகிவிட்டதே.

வயிரமேகனை வெறுக்கும் உரிமை இந்தப் பூமியில் எவருக்காவது உண்டென்றால் அது சாத்திக்குத்தான். ஆயினும் அவள் அரசரின் காலடிக்கு ஓடினாள். "வேண்டாம், அரசே! 'உடைந்த' என்றே இருக்கட்டும்!"

"இவ்வளவு நேரம் வழக்காடிவிட்டு இதென்ன கூத்து, அம்மணி?" என்று சலித்துக்கொண்டார் மங்கலராயர்.

"தானாக உடைந்தது என்று படித்தால், பின்னால் வருகிற எவனாவது ஒருவன் சந்தேகப்படுவான். இதைப் படித்தால் எல்லாம் தெரிந்துவிட்டதென்று போய்விடுவான்!"

அரசர் புன்னகை புரிந்தார். நூறு புலவர் சொல்லாததை ஒரு கைம்பெண் புரிந்துகொண்டாளே என்ற மகிழ்ச்சி அது.

வீரர்கள் வயிரமேகனின் கைகளைக் கட்டினார்கள். "பொய் இல்லையே, நங்கை" என்றான் அவன். "உடைத்தவன் நான்தானே."

"பாதி உண்மை. அதைத்தான் தாங்க முடியவில்லை."

கல்தச்சன் உளியும் கையுமாகத் திரும்பினான். "சாமி, பேரு 'வயிர'வா, 'வைர'வா?"

"இடம் குறைவு. எது சிறிதோ அதைப் போடு" என்றார் மங்கலராயர்.

உளியின் ஓசை ஆற்றின் மேல் பரவியது. சாத்தி எழுந்து, அரசர் காதிலும் விழும்படி சொன்னாள்: "இந்தக் கல்லைப் படிக்க வரும் ஒவ்வொருவரிடமும் விட்டுப்போன பெயரைச் சொல்வேன். என் உயிர் உள்ளவரை சொல்வேன். இது ஆணை!"

அரசர் தடுக்கவில்லை. அவருக்குக் கல்லைப் பற்றித் தெரியும்.

வாசகர்களே, சாத்தி நங்கை தன் சபதத்திலிருந்து ஒருநாளும் வழுவவில்லை. வெயிலிலும் மழையிலும் அந்தக் கல்லருகே நின்று, தொண்டை கம்மிச் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கல் அவளைவிட நெடுநாள் இருந்தது.