ஓரத்தில் நின்ற மின்கம்பம்

துறைத்தலைவிக்குக் கால் கடுத்தது. இளங்கலை மாணவர்களின் வரலாற்று ஆய்வுக் கண்காட்சி என்றால் நாற்காலி போடுவது வரை எல்லாம் அவர் தலையில்தான் விழும். அப்பாடா என்று உட்காரப்போன நேரம் பார்த்து மாணவி ஒருத்தி ஓடிவந்தாள்.

“மேடம், என் போட்டோவைக் காணோம்! டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள யாரோ எடுத்துட்டாங்க. நடுவர்கள் வந்துடுவாங்க. அது இல்லன்னா என் ஆய்வே இல்ல, மேற்படிப்பு உதவித்தொகையும் போச்சு.”

“என்ன போட்டோ?”

“வேலைநிறுத்தக் கூட்டம்னு என் கைடு சார் புத்தக அட்டையில இருக்கே, அதோட முழுப்படம். காலையிலதான் காப்பகத்துலேர்ந்து வந்துச்சு. ஓரத்துல மின்கம்பம் நிக்குது மேடம்! வேலைநிறுத்தம் நடந்தப்ப ஊருக்குக் கரண்டே வரல. அது விளக்கு எரியறதை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். யார்கிட்டயும் சொல்லாம நேரா கொண்டுவந்து மாட்டினேன்.”

“பக்கத்துப் பலகைப் பையன்தான் மேடம், வயித்தெரிச்சல்!” என்று துள்ளினார் பக்கத்தில் நின்ற புது விரிவுரையாளர்.

துறைத்தலைவி பலகையை அண்ணாந்து பார்த்தார். படம் இருந்த இடம் உச்சியில் வெறுமையாக இருந்தது.

“எப்படிம்மா மாட்டினே?”

“இந்த நாற்காலியில ஏறித்தான்.”

அவள் மாட்டி இறங்கிய பிறகு அந்த நாற்காலியில் துறைத்தலைவியே அடுக்கிய சான்றிதழ்கள் கலையாமல் இருந்தன. பக்கத்துப் பையனோ அவளைவிடக் குள்ளம்.

அப்போது அவளுடைய ஆய்வு வழிகாட்டி வந்தார். மாணவர்கள் வைத்த பெயர் நெட்டை சார்.

“விருந்தினரை வரவேற்கப் போனவன் இப்பத்தான் உள்ளயே வர்றேன். போட்டோ போச்சாமே? விடும்மா, அந்த மின்கம்பப் படம் இல்லன்னா என்ன, என் புத்தகத்துல இருக்கறதை ஒட்டிடு.”

துறைத்தலைவி பெருமூச்சு விட்டார். அவர் மின்கம்பம் என்று சொல்லாமல் இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

“உங்க புத்தகத்துல கம்பத்தை வெட்டிட்டுத்தானே சார் போட்டிருக்கு? முழுப்படம் இந்தப் பலகையில மட்டும்தான் இருந்துச்சு. உள்ளயே வராதவருக்குக் கம்பம் எப்படித் தெரியும்? நாற்காலி இல்லாம அங்க எட்டற கையும் இங்க உங்களுக்குத்தான்.”

புது விரிவுரையாளர் வாயைப் பிளந்தார். வழிகாட்டி கையிலிருந்த கோப்பைத் திறந்து, கசங்காமல் வைத்திருந்த படத்தை நீட்டினார்.

“அந்தப் புத்தகம்தான் மேடம் என் வாழ்க்கை. கிழிக்கவும் மனசு வரல.”

துறைத்தலைவிக்கு அவரைத் திட்டக்கூடத் தெம்பில்லை. வாசலில் நடுவர்களின் பேச்சுக் குரல் கேட்டது. மாணவி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வழிகாட்டியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்கு எட்டாது சார். நீங்களே மாட்டுங்க.”